சத்தம் போடுகிற பேனா

வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்ட பிறகுதான் பெலிண்டா பேனாவைத் தொடுவாள். எழுதுகிற கை வளையலைக் கழற்றினால் போதாதா என்று கேட்டால், போதாது. இடது கை தாளை நகர்த்தும்போது அதுவும் கிணுகிணுக்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கண் தெரியாது. காதுதான் அதற்கு எல்லாம். வளையல் சத்தத்தில் பேனா சத்தம் அமுங்கிப் போனால், தான் சொன்னது தாளில் ஏறுகிறதா, காற்றோடு போகிறதா என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வழவழவென்று ஓடுகிற ஜெல் பேனா அவளுக்கு ஆகாததும் அதனால்தான். மேலப்புதூரில் ஒரு கடை. அங்கே ஒவ்வொரு பேனாவாக எடுத்துப் பழைய செய்தித்தாளில் கிறுக்கி, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பாள். "இதுதான் நல்லாப் பேசுது. இதுல நாலு குடுங்க" என்பாள். கடைக்காரர் முதலில் விழித்தார். இப்போதெல்லாம் கரகரவென்று எழுதுகிற பேனா வந்தால் அவரே தனியாக எடுத்து வைத்து விடுகிறார்.

பிழைப்புக்கு அவள் பார்ப்பது தில்லை நகரில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. பரீட்சைக் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு, பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கப் போய்விடுவாள். அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல இவள் கையால் எழுத வேண்டும். பெரிய வேலையா அது என்று கேட்கிறவர்கள், ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். இன்னொருவர் சொன்னதற்கு மேலே ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மூன்று மணி நேரம். வாய் எப்படியாவது சும்மா இருந்துவிடும். கைதான் அடங்காது.

இந்த வேலைக்கு அவள் தானாக வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கையெழுத்து நன்றாக இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் பங்குச் சாமியார். பெலிண்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அவள் கணவர் ஜெபராஜ் தன் கையைத் தூக்கி, இவளைக் காட்டினார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கிற மனிதர். மளிகைச் சீட்டைக்கூட அச்சுப் போட்ட மாதிரி எழுதுகிற பெண்டாட்டி வாய்த்ததில் அவருக்குப் பெருமை.

சொல்வதில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். விட்டாளா? கல்லணையைப் பற்றி ஒரு பெண் விடை சொன்னது. "கல்லணையைக் கட்டிய மன்னன் கரிகாலன், இருங்கக்கா தொண்டை கட்டுது, தண்ணி குடிச்சுக்கறேன், காவிரியின் வெள்ளத்தைத் தடுத்து..." அத்தனையும் விடைத்தாளில் ஏறிவிட்டது. திருத்தியவர் 'தண்ணி குடிச்சுக்கறேன்' என்பதற்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதியிருந்தாராம்.

பெலிண்டா புத்தகம் புரட்டுகிறவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த இலக்கியம், புராணம், சரித்திரம், நாட்டு நடப்பு எல்லாம் பிள்ளைகள் வாய்வழியாக வந்தது. மழைநீர்ச் சேமிப்பு, பெண் கல்வி, நெகிழி ஒழிப்பு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முக்கொம்புக்குக் குடும்பத்தோடு போனால், தூக்குவாளியைத் திறக்கும் முன்பே தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டி, நீரின் அருமை பற்றி முன்னுரை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "முடிவுரைக்குள்ள புளிசோத்தைப் போட்டுடும்மா" என்பார் ஜெபராஜ்.

கேட்டதை எழுதுவாளே தவிர, எழுதியதை எல்லாம் ஒப்புக்கொள்வாள் என்று நினைக்க வேண்டாம். தேரோட்டி வீட்டில் வளர்ந்து, கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்தானே ஒரு வள்ளல், அவனைப் புகழ்ந்து எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறாள். ஆனால் அவனைப் பிடிக்கவே பிடிக்காது. கையால் புகழ்ந்துவிட்டு, பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் வாயால் திட்டிக்கொண்டே வருவாள். "உடம்போட ஒட்டின கவசத்தையே அறுத்துக் குடுத்தாராம். வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" பக்கத்து சீட்டுக்காரி, யாரோ சொந்தக்காரரைச் சொல்கிறாள் என்று நினைத்து உச்சுக் கொட்டுவாள். வரதட்சணை ஒழிப்பு எழுதிய அன்று மட்டும் ஜெபராஜுக்குப் பட்டறையில் ஓவர்டைம் வந்துவிடும். கல்யாணத்தின்போது அவருடைய அம்மா கேட்டு வாங்கிய பீரோ இன்னும் வீட்டில்தான் நிற்கிறது.

அவள் எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் லின்சி என்கிற பெண்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். பாட்டுப் பாடுகிற மாதிரி விடை சொல்லும். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தது. ஒற்றைச் சிலம்போடு மதுரை அரசனிடம் நியாயம் கேட்கப் போன பெண்ணின் கதையை பெலிண்டா முழுசாகக் கேட்டது லின்சி சொல்லித்தான். அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று அந்தப் பெண்ணின் புருஷனைக் கொன்றுவிட்டார்கள். அரசியின் சிலம்புக்குள்ளே இருப்பது மாணிக்கப் பரல், இவள் சிலம்புக்குள்ளே முத்து, உடைத்தார்கள், முத்து தெறித்தது, அரசன் விழுந்து செத்தான் என்றது லின்சி. பரல்கள் இரண்டும் அங்கே இடம் மாறிவிட்டன. முத்து அரசிக்கு, மாணிக்கம் இவளுக்கு என்பதுதான் கதை. எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஓர் இடத்தில் நாக்குப் புரளும். அது தலைகீழ் என்று பெலிண்டாவுக்கு யார் சொல்வது? யோசிக்க யோசிக்க அதுதான் பொருத்தமாகவும் பட்டது. ராணி காலுக்கு மாணிக்கம், வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கு முத்து. வேறு எப்படி இருக்கும்? அப்புறம் அந்தக் கதையைச் சொல்ல வேறு பிள்ளை வாய்க்கவில்லை. மனசுக்குள் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்துவிட்டது.

இந்த வருஷம் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது பிள்ளை இல்லை, மீசை வைத்த ஆள். ஆசாத் என்று பெயர். பாலக்கரையில் வீடு. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் கிரைண்டிங் வேலை செய்துகொண்டிருந்தான். சக்கரம் உடைந்து முகத்தில் தெறித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அன்றிலிருந்து அவனுக்காக எல்லோரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு எந்தச் சட்டை என்பது அம்மா சாரா பீவி முடிவு செய்வது. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பது அண்ணன் முடிவு. டீக்கடையில்கூட, தம்பிக்குச் சர்க்கரை போதுமா என்று அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார்கள். ஒரு அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துப் பேசுகிற வேலை அவனுக்காகக் காத்திருந்தது. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். மற்றப் பாடமெல்லாம் முடித்துவிட்டான், தமிழ் மட்டும் போன தடவை கைவிட்டுவிட்டது. அன்றைக்கு எழுதியவர் கெட்டவர் இல்லை. பாவம் என்று இரக்கப்பட்டு, இவன் சொன்னதைச் சுருக்கித் தனக்குத் தெரிந்த தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவையும் போனால் வேலை வேறு ஆளுக்கு.

உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டான். "அக்கா, நான் சொல்றதை எழுதுங்க. தப்பா இருந்தாலும் எழுதுங்க."

பெலிண்டாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தண்ணி குடிச்சுக்கறேன்னு சொன்னாலே எழுதினவ நானு. எங்கிட்ட ஒரு சொல் மாறாது தம்பி."

கதையைக் கேட்டு ஆசாத் சிரித்தான். அறையில் இருந்த மூன்றாவது ஆள் மேற்பார்வையாளர் சகாயநாதன், கணக்கு வாத்தியார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பேனா பேச ஆரம்பித்தது. செய்யுள், இலக்கணம் எல்லாம் சுகமாகப் போயிற்று. பேனா ஓய்கிற நேரம் பார்த்து அவன் அடுத்த வாக்கியத்தை எடுப்பான். நடவு நடுகிறவர்களுக்குக் கை சேர்கிற மாதிரி இரண்டு பேருக்கும் சேர்ந்துவிட்டது.

கடைசியில் கட்டுரை. தலைப்புகளை அவள் படித்துக் காட்டினாள். தொழிற்கூடங்களில் பாதுகாப்பு என்று ஒன்று இருந்தது. "அது வேணாம்க்கா. அது எனக்குத் தெரிஞ்ச விஷயம்" என்றான் ஆசாத். சிலம்போடு நியாயம் கேட்கப் போனவளைத்தான் எடுத்துக்கொண்டான். பழைய அலைபேசியில் பாடத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றியிருந்தான். நன்றாகவே சொன்னான். அரசியின் சிலம்பில் முத்துப் பரல்கள், இவளது சிலம்பில் மாணிக்கப் பரல்கள் என்றான்.

பேனா நின்றது.

ஐயோ, தலைகீழாகச் சொல்கிறானே என்று அவளுக்குப் பதறிற்று. கதையின் முடிச்சே அந்த இடம்தான். அங்கே தவறினால் மார்க்கு என்ன ஆவது, வேலை என்ன ஆவது? வெளியே வேப்பமரத்தடியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாரா பீவி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு சொல்தானே, இடம் மாற்றினால் யாருக்கு நஷ்டம்? "என்னக்கா, பேனா நின்னுடுச்சு?" என்றான் ஆசாத். ஒன்றுமில்லை, கை வியர்க்கிறது என்றாள். எழுதினாள். அரசிக்கு மாணிக்கம், இவளுக்கு முத்து. ஒரு பிள்ளையைக் கிணற்றடியிலிருந்து இழுத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதிகூட வந்தது.

கட்டுரை முடிந்தது. நேரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னான். இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தாளில் இருப்பதைப் படிப்பதா, அவன் சொன்னதைப் படிப்பதா? சொன்னதைப் படித்துவிட்டால் அவனுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் பார்க்க முடியாதவன் முன்னால் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் படிக்க அவளுக்கு வாய் வரவில்லை. தாளில் இருப்பதையே படித்தாள். அந்த வரி வந்தபோது குரல் கீழே இறங்கியது.

பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஆசாத்தின் விரல்கள் நின்றன. "நான் அப்படிச் சொல்லலையேக்கா."

"மாத்திச் சொல்லிட்டீங்க தம்பி. ராணிக்குத்தானே மாணிக்கம் இருக்கும்?"

"பாண்டிய நாட்டுல முத்தைக் கடல்ல அள்ளுறாங்க. அரண்மனையில முத்து இல்லாம என்ன இருக்கும்?" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "சரிக்கா, நான் சொன்னது தப்புன்னே வெச்சுக்குவோம். அது என் தப்பா இருக்கட்டும். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்னக்கா இருக்கு?"

பெலிண்டாவுக்குக் காது மடல் சுட்டது.

என்னங்க அங்கே பேச்சு என்று சகாயநாதன் எழுந்து வந்தார். அவளுக்கு முன்னால் ஆசாத் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்ல சார், நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். எழுதுகிறவர் விடையை மாற்றினார் என்று தெரிந்தால் இனி எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிடாது என்று அவளுக்குத் தெரியும். பெலிண்டா எழுந்து நின்றாள். "இல்லீங்க சார். அவர் சொன்னது வேற, நான் எழுதினது வேற. நான்தான் மாத்தினேன்."

சகாயநாதன் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அடிச்சிட்டு அவர் சொன்னதை எழுதுங்கம்மா. மணி அடிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

அவள் மனசு மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ராணிக்கு மாணிக்கம்தான் என்று அப்போதும் நினைத்தாள். இந்த இரண்டு வரியால் இவன் வேலை போகப் போகிறது என்றே நினைத்தாள். நினைத்துக்கொண்டே, தான் எழுதியதன்மேல் பேனாவை அழுத்தி ஒரே கோடாக இழுத்தாள். "சொல்லுங்க தம்பி" என்றாள். அவன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். அரசிக்கு முத்து. இவளுக்கு மாணிக்கம். பேனா கரகரவென்று அத்தனையையும் திருப்பிச் சொல்லியது.

பிறகு அந்தத் தாளைப் புரட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "விரலைக் குடுங்க தம்பி" என்று கேட்டு, அவன் நீட்டிய ஆள்காட்டி விரலை, தாளில் புடைத்து நின்ற நீளமான கோட்டின்மேல் வைத்தாள். விரல் அதன் முனை வரைக்கும் போய்ப் பார்த்தது. அடித்திருக்கிறாள். அதற்குக் கீழே மேடும் பள்ளமுமாகப் புது எழுத்துகள். விரல் அங்கே இறங்கி, மெல்ல நகர ஆரம்பித்தது.

மணி அடித்தது. தாளை வாங்க சகாயநாதன் கையை நீட்டினார். அந்த விரல் கடைசி எழுத்து வரைக்கும் போய்ச் சேருகிற வரை பெலிண்டா தாளைக் கொடுக்கவில்லை.