ஜீப்புக்குப் போட்ட வண்டி மை

அரசு வண்டி ஓடாமல் நின்றுவிடும் நிலை வந்தால், அதற்கு வேண்டிய சில்லறைச் சாமான்களை அலுவலகத் தலைவர் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம்; மேலிடத்து ஒப்புதலைப் பிறகு பெறலாம். இப்படி ஒரு விதி உண்டு. என் உத்தியோக காலத்தில் இதைக் காட்டி வாளி, விளக்குமாறு, ஒருமுறை அதிகாரியின் நாற்காலிக்கு மெத்தைகூட வாங்கியிருக்கிறேன். சங்கரன்கோவிலில் என் அப்பாவுக்கு ஒரு சிரட்டை கிரீஸ் தேவைப்பட்டபோது மட்டும் அந்த விதி யாருக்கும் நினைவு வரவில்லை.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். எந்தத் துறை என்று சொல்வதில் பயனில்லை, எல்லாம் ஒன்றுதான். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப் போட்ட ஜீப் அது. அப்பாவின் வேலை தற்காலிகம். வண்டி ஓடும்வரைதான் வேலை என்று உத்தரவிலேயே இருந்தது.

ஜீப்பின் அடியில், எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அதன் இரு முனையிலும் மடங்கிக் கொடுக்கும் மூட்டுகள். கிரீஸ் பீச்சும் கன்னை வைத்து, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அவற்றுக்குள் புதியதை ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கோணியை விரித்து அடியில் படுத்து இதைச் செய்வார். வெளியே தெரியும் அவருடைய பாதங்களிடம் நான் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

புரட்டாசியில் கிரீஸ் தீர்ந்தது. திருநெல்வேலி மேலலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் இல்லை. ஐப்பசியில் மூட்டுகள் கீச்சிட ஆரம்பித்தன. அப்பா பஸ் ஷெட்டில் ஒரு சிரட்டை கிரீஸ் கேட்டு வாங்கி வந்தார். தலைமைக் குமாஸ்தா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். இன்றைக்குக் கிரீஸ் கொடுக்கிற பஸ் முதலாளி நாளைக்கு எதைக் கேட்பானோ என்பது அவர் கவலை. நேர்மையான மனிதர். அந்த நேர்மைக்கான விலையை எப்போதும் வேறு யாராவதுதான் கொடுத்தார்கள்.

அம்மாவின் அண்ணன் புளியங்குடிக்கு எலுமிச்சை ஏற்றி மாட்டு வண்டி ஓட்டுகிறவர். வைக்கோலைக் கருக்கிப் பொடித்து விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சுக்குப் போடும் வண்டி மையை அவரே செய்வார்.

“காஞ்ச எடத்துல மை போடணும் மாப்ளே. இதுக்குப் போயி திருநேலிக்குக் காயிதம் போட்டுட்டு உக்காந்திருக்கீரு,” என்றார் மாமா.

“உள்ள ஊசி ஊசியா உருளை கெடக்கு மச்சான். கரி கடிச்சிராதா?”

“வடிகட்டிப் போடும் வே.”

அப்பா எதையும் கேட்டுத்தான் செய்வார். தலைமைக் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டார். கடைச் சாமானா, பில் வருமா என்று அவர் விசாரித்தார். வீட்டில் செய்தது என்றதும், “அப்ப என்கிட்ட ஏன் கேக்கீரு?” என்றாராம். அப்பா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

அம்மாவின் பழைய சேலைத் துணியில் மையை வடிகட்டி ஏற்றினார்கள். கீச்சல் அன்றே நின்றது. மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு தெருவில் இரண்டு நாள் மோட்டார் மெக்கானிக்காக நடமாடினார்.

தை மாதம், அதிகாரியோடு சிவகிரியிலிருந்து திரும்பும் வழியில், கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் பின்மூட்டு இறுகி உடைந்தது. கழன்ற தண்டு ரோட்டை உழுதுகொண்டே வந்ததாம். அதிகாரிக்கு நெற்றியில் காயம். வழியே வந்த ஒரு மாட்டு வண்டியில்தான் அவரை ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த வண்டி அச்சில் ஒரு சத்தமும் இல்லை என்று மாமா விசாரித்துவந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

உடைந்த மூட்டைப் பிரித்தால் உள்ளே கருங்களி. உருளைகளைக் கரி அரம்போலத் தின்றிருந்தது. விளக்கம் கேட்டார்கள், அப்பா உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். தலைமைக் குமாஸ்தா தமக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினார். நிரந்தர ஊழியரை நீக்கக் குற்றச்சாட்டு, விசாரணை, மேல்முறையீடு என்று ஒரு தேரோட்டமே நடத்த வேண்டும். தற்காலிகத்துக்கு ‘நாளை முதல் வர வேண்டாம்’ போதும். ஜீப்பைச் சித்திரையில் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு பிடி மிச்சம் இருந்தது. கிரீஸ் கேட்ட கடிதத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து பதில் வந்துவிட்டால், கேட்டும் தராதது அவர்கள் தப்பு என்று ஆகும், வேலை திரும்பும். தினமும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தபால் வரும் நேரத்துக்கு அலுவலக வாசலில் போய் நின்றார். பியூன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவார். அம்மா பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். தன் வண்டியை ஓட்ட வரும்படி மாமா அழைத்தார்.

“பதில் வரும்போது நான் இங்கன இருக்கணும்லா மச்சான்,” என்றார் அப்பா.

பதில் வந்தது. தலைமைக் குமாஸ்தா வழக்கப்படி அதன் ஓரத்தில் ‘டிரைவர் நடவடிக்கைக்கு’ என்று எழுதிவிட்டார். பியூனும் அதை நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தாமதத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. காலி கிரீஸ் டப்பாவை டிரைவர் நேரில் ஒப்படைத்தால் கிரீஸ் வழங்கப்படும், அவ்வளவுதான்.

கடைசி நாளில் அப்பாவோடு வீடு வந்துவிட்ட அந்த டப்பாவில், பாத்திரம் தேய்க்கச் சாம்பல் போட்டு வைத்திருந்தாள் அம்மா. அப்பா சாம்பலைக் கொட்டிவிட்டு, மணல் போட்டு அதைத் தேய்க்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டு ஓடிவந்தபோது, அம்மா டப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“விடுங்க. வண்டியே இல்லைங்க.”

“டப்பா கேட்டிருக்கான்லா,” என்றார் அப்பா. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

வேலை கிடைத்த வீட்டில் அம்மா எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அது ஊர்க்கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய நாள்.