அங்கெலின் தண்ணீர்

வாளியை மேசைமேல் வைக்க வேண்டாம் என்று செயலாளர் சொல்வதற்குள் சவேதா வைத்துவிட்டாள். புது எனாமல் வாளி. விளிம்புவரை தண்ணீர். கைப்பிடியில் ஒரு துண்டு முடிந்திருந்தது, அதில் ஏற்றாத மெழுகுவத்தி ஒன்று செருகியிருந்தது. கொஞ்சம் தளும்பி நகராட்சியின் பச்சை விரிப்பில் படர்ந்தது.

 செத்தவர் பேரில் தண்ணீர் கொடுப்பது இப்படித்தான், துண்டும் மெழுகுவத்தியும் வைத்து, என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் கவுன்சில் கூட்டத்துக்குக் கொண்டுவந்ததில்லை.

அன்றைய பேச்சு நீச்சல்குளம் பற்றியது. பாலர் பள்ளியின் கூரை ஒழுகியது. போன குளிர்காலம் முழுக்கக் குழந்தைகளை ஒரே அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். கூரைக்குப் பணம் ஒதுக்கினால் குளத்துக்கு இல்லை. இந்தக் கோடையில் குளம் திறக்காது என்று துணைமேயர் ஒப்ரியா சொல்லி முடித்திருந்தான். அதில் தப்பு காண யாராலும் முடியவில்லை. சவேதாவாலும்தான்.

அவள் சின்ன வயதில் தையல் ஆலை வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்தவள். ஆலை மூடியபின் குளத்து வாசலில் டிக்கெட் கிழித்தாள். உள்ளே எல்லாம் அவள் கணவன் அங்கெல். மே மாதம் பாசி சுரண்டுவான், பெயர்ந்த ஓடுகளை ஒட்டுவான், பிறகு வால்வைத் திறப்பான். குளம் நிரம்பும்வரை வீட்டுக்கு வரமாட்டான். தண்ணீர் ஏறும்போது தனியாக விடக்கூடாது என்பான். அவளுக்கு நீந்தத் தெரியாது. ஒருமுறைகூடக் குளத்தில் இறங்கியதில்லை.

பிப்ரவரியில் இதயம் பழுதாகி மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தான். உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. குடிக்கத் தரக்கூடாது என்றார்கள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். டாக்டர்கள் சொன்னது சரிதான். அப்படியும் அவன் பிழைக்கவில்லை.

செத்தபின் நாற்பது நாளும் அவன் பேரில் அக்கம்பக்கத்துக்குத் தண்ணீர் கொடுத்தாள். கோதுமை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். எல்லாம் முறைப்படி நடந்தது என்று பாதிரியார் சொன்னார். ஆனாலும் தம்ளரை வாயில் வைத்தால் அவளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

கல்லறைக்குப் பளிங்குச் சிலுவை வைக்கச் சேர்த்த பணம் இருந்தது. அது குளத்துத் தண்ணீருக்குக் காணும் என்று தண்ணீர் கம்பெனியில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். குளம் நிறையத் தண்ணீரை அவர் பேரில் கொடுக்கிறேன், இந்த வாளி அதற்கு அடையாளம் என்றாள்.

ஒப்ரியா அவளுக்கு நாற்காலி போட்டான். நன்கொடையாகக் கஜானாவில் கட்டலாம், பாராட்டுப் பத்திரம்கூடத் தரலாம் என்றான்.

"கஜானாவுல போட்டா தெருவிளக்குக்குப் போகும் தம்பி. அவருக்குப் போய்ச் சேராது."

கவுன்சிலர்களில் ஒருவன் மளிகைக்கடைக்காரன். "ஒரு குளம் தண்ணியாக்கா? இருந்தப்ப என் கடைப் பிளம் சாராயத்தைத் தவிர வேற ஒண்ணும் தொடமாட்டாரே?"

"அதுல பாதி தண்ணிதானே, நீங்க கலந்தது," என்றாள் சவேதா.

சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "தாகம்தான். கேட்டாரு. நான் குடுக்கலை."



அவள் கேட்டது ஒன்றுதான். யாராவது ஒருவர் இதைக் கையால் வாங்கி, பொக்தாப்ரோஸ்தே, அதாவது கடவுள் அவரை மன்னிக்கட்டும், என்று சொல்ல வேண்டும். வாங்கிச் சொல்ல ஆளில்லாத தண்ணீர் செத்தவரைச் சேராது. நகராட்சிக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை.

"தண்ணி மட்டும் போதாதுக்கா. மருந்து போடணும். பம்புக்குக் கரண்டு வேணும். கரையில நிக்க ஆள் வேணும். வாங்கிட்டுத் திறக்காம விட்டா?" என்றான் ஒப்ரியா.

"அது வாங்கினவர் பாடு."

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பில் கயிறு கட்டி நீந்தச் சொல்லிக்கொடுத்தவன் அங்கெல்.  ஒப்ரியா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கினான். சட்டைக் கை நனைந்தது.

"பொக்தாப்ரோஸ்தே," என்றான். குனிந்து ஒரு வாய் குடித்தான். மளிகைக்கடைக்காரனும் வாங்கிக் குடித்தான்.

அதன்பிறகு தண்ணீரைத் தடுத்த ஆளாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கையை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டார்கள். மிச்சமான பணம் பெரிய குளத்துக்கு வரவில்லை. சின்னப் பிள்ளைகள் இறங்குகிற குளத்துக்கு வந்தது. அதுவும் ஜூலைக்கு மட்டும்.

"எவ்வளவு ஆழம் அது?" என்று சவேதா கேட்டாள். தெரியாமல் இல்லை.

"என் இடுப்புக்கு வரும்," என்றான் ஒப்ரியா.

அவள் கையைத் தன் இடுப்பில் வைத்து அளந்து பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

மறுநாள் தண்ணீர் கம்பெனியில் நகராட்சியின் பேரில் பணம் கட்டினாள். மதிய இடைவேளைக்கு ஜன்னலை மூடிவிட்டதால் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருந்தது. மீந்த பணம் பளிங்குக்குக் காணாது. இருக்கிற மரச் சிலுவைக்கு அடிக்க ஒரு டப்பா பெயின்ட் வாங்கினாள். சந்தையில் வெங்காயம் வாங்கினாள். வாளி ஒப்ரியாவின் வீட்டில் இருந்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதில்லை. வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.