போஞ்சி விதையும் என் ஊசி மருந்தும்

எனக்குக் கோபம் வந்தால் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருவரும் காரணம் கேட்பதில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். சின்ன வயதிலேயே நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து, அன்று முதல் ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறவள் நான். இரத்தத்தில் சீனி இறங்கும்போது எனக்கு முதலில் வருவது மயக்கம் இல்லை, கோபம். அதனால் நான் நியாயமாகக் கோபப்பட்டாலும் எவரும் அதை மதிப்பதில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் குரலை உயர்த்தினால்கூட யாராவது ஒரு தாய் பையைத் திறந்து பிஸ்கட் நீட்டுவாள். பற்றிக்கொண்டு வரும். வாங்கித் தின்றுவிடுவேன்.

என் மருந்து என் வீட்டில் இருப்பதில்லை. எங்கள் காம்பராவில், அதாவது லயத்தில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள அறையில், பிரிட்ஜ் கிடையாது. பக்கத்துக் காம்பரா அக்காவிடம் இருக்கிறது. அவருடைய மகன் கொழும்பில் கடையில் நின்று உழைத்து வாங்கிக் கொடுத்தது. அக்கா கொழுந்து பறிக்கிறவர், கணவரை இழந்தவர். லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி, போஞ்சி என்று நாங்கள் சொல்கிற பீன்ஸும் தக்காளியும் போடுகிறார். அவருடைய பிரிட்ஜின் கதவுத் தட்டில், முட்டைகளுக்குப் பக்கத்தில், என் இன்சுலின் போத்தல்கள் எத்தனையோ வருடங்களாக நிற்கின்றன. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மின்சாரம் போனால் மட்டும் என்னை விட அவர்தான் அதிகமாகப் பதறுவார்.

போன வருடம் ஒரு அறிவித்தல் வந்தது. ஓர் உயிரின் மரபணுவை எடுத்து இன்னோர் உயிருக்குள் வைத்து உண்டாக்குகிற விதைகள், செடிகள், அவற்றிலிருந்து செய்கிற பொருட்கள், இவற்றை நாட்டுக்குள் விடுவதா வேண்டாமா, விட்டால் எப்படி விடுவது என்று சட்டம் எழுதப் போகிறார்களாம். அதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க ஒரு குழு பதுளைக்கு வருகிறதாம். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். கோயிலில் நின்று நான்தான் அதை எல்லாருக்கும் வாசித்தேன். என் தாத்தா இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டில் உழைத்து, பிரஜாவுரிமை இல்லாமலேயே செத்துப்போனவர். அவருடைய பேத்தியைப் பார்த்து, நாட்டுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று வந்து சொல்லு என்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அத்தனை சந்தோஷமாக இருந்தது.

முதலில் பெயர் கொடுத்தது அக்காதான். காரணம் தக்காளி. ஒரு போகம் கடையில் நல்ல விலைக்கு விதைப் பாக்கெட் வாங்கிப் போட்டார். குலை குலையாகக் காய்த்தது. ஆசைப்பட்டு அதில் விதை எடுத்து அடுத்த போகத்துக்குப் போட்டால், ஒரு செடி ஆள் உயரம், ஒரு செடி முழங்கால் உயரம். ஒன்றில் காய் கோலிக்குண்டு அளவு, ஒன்றில் காயே இல்லை. போஞ்சிக்கு மட்டும் அவர் எப்போதும் தன் சொந்த விதையைத்தான் போடுவார். காயவைத்து, சாம்பலில் புரட்டி, போத்தலில் போட்டு அடுப்படிப் பரணில் வைத்திருப்பார். அது அவருடைய அம்மா கொடுத்த விதை.

"அக்கா, நீங்க வாங்குனது மரபணு மாத்துன விதை இல்ல. அது ரெண்டு ரகத்த சேத்து எடுக்கிற கலப்பு விதை" என்றேன்.

"எதுவா இருந்தா என்னா? வருசா வருசம் கடைக்காரன் மொகத்தத்தான பாக்கணும்? இன்னும் மாத்துனாங்கன்னா என் போஞ்சியும் போச்சு. மாத்துன எந்தப் பொருளும் நாட்டுக்குள்ள வரக்கூடாது. அவ்வளவுதான் நான் சொல்லப் போறேன்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்த மாதக் கிளினிக்குக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்து அம்மா. என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எந்தப் பொருளும் வேண்டாமெண்டோ சொல்லப் போறியள்? நல்லாச் சொல்லுங்கோ. உம்மடை ஊசி மருந்தும் உப்பிடிச் செய்யிறதுதான், பிள்ளை. முந்தி மாட்டிலயும் பண்டியிலயும் இருந்து எடுத்தவை. இப்ப மனிசற்றை மரபணுவை ஒரு சின்னக் கிருமிக்குள்ள வைச்சு, அந்தக் கிருமியைக் கொண்டு செய்விக்கினம்."

"கிருமி செஞ்சதையா டாக்டர் நான் இத்தன வருசமா குத்திக்கிறேன்?"

"ஓம். அதுக்கு ஒரு கும்பிடு போடும்."

சிரிக்காதீர்கள், திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் மனசுக்குள் உண்மையாகவே கும்பிட்டேன். எங்கோ ஒரு தொட்டிக்குள் வாழ்ந்து, என்னை யாரென்றே தெரியாமல், எனக்கு வேண்டியதைச் செய்து தந்துவிட்டுப் போகிற அந்தச் சின்ன உயிர்களுக்கு யார் நன்றி சொல்லியிருக்கிறார்கள்? கும்பிட்டு முடிந்த பிறகுதான் அக்கா சொல்லப் போவது நினைவுக்கு வந்தது. எந்தப் பொருளும் என்று சட்டத்தில் எழுதிவிட்டால் என் கதி என்ன? மருந்துக்கு விலக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஒரே ஒரு போத்தலுக்காகப் பதுளையில் கடை கடையாக ஏறி இறங்கி அழுதவள் நான். ஊசி இல்லாமல் என்னால் ஒரு வாரம் தாங்க முடியாது. நானும் பேசுவதற்குப் பெயர் கொடுத்தேன்.

அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, "விதைன்னு மட்டும் சொல்லுங்கக்கா. எந்தப் பொருளும்னு சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன்.

"ஒன் மருந்த யாராச்சும் நிப்பாட்டுவாங்களா? போ புள்ள, பயந்து சாகாத."

"எழுதிட்டா நிப்பாட்டுவாங்கக்கா."

"இங்க பாரு. யூனியன்ல இத்தன வருசமா பாத்தாச்சு. முழுசாக் கேட்டாத்தான் பாதியாச்சும் கெடைக்கும். நாமளே இது வேணும், அது வேணாம்னு பிரிச்சுப் பேசுனா, அந்தச் சந்துல எல்லாத்தையும் உள்ள விட்ருவாங்க."

"கெடைக்கிற அந்தப் பாதியில என் மருந்து இல்லாட்டி?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மொதல்ல சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். எனக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம். நான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன்! கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லையென்றாலும் மருந்து அவர் வீட்டில்தானே இருக்கிறது? விடியற்காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவேன். கதவில் தாழ்ப்பாள் போட்டிருக்காது. அக்கா அடுப்பைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்பார். என் போத்தல் மேசையில் எடுத்து வைத்திருக்கும், குளிர் விட்டால்தான் ஊசி வலிக்காது என்று. பக்கத்தில் ஒரு ரொட்டியும் மூடியிருக்கும். நான் பேசாமல் ஊசியைப் போட்டு, பேசாமல் ரொட்டியைத் தின்றுவிட்டு வருவேன். இப்படியும் ஒரு சண்டை உண்டா என்று லயமே சிரித்தது.

பேசுகிற நாளன்று முதல் பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். பசறைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. காத்திருந்த நேரத்தில் பையில் வைத்திருந்த இனிப்பையெல்லாம் தின்று தீர்த்துவிட்டேன். பதுளைக்கு வந்து மண்டபத்துக்கு ஓடினால் கூட்டமும் தாமதமாகத்தான் தொடங்கியது. மேடையில் குழு இருந்தது. ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான், முடிந்தால் மணி அடிப்பார்கள். தமிழில் பேசினால் ஒரு தம்பி சிங்களத்தில் மாற்றிச் சொல்வார். பகல் சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. சாப்பாடு வரவில்லை.

ஹாலிஎலப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தன் தோட்டத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினார். அந்தத் தம்பி அதை ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். நான் நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றேன். "அவர் சொன்னது அவ்வளவுதானா? முழுசா சொல்லுங்க! நாங்க இங்க வேடிக்கை பாக்கவா வந்தோம்?" என்று கத்தினேன். பின்னாலிருந்து சிலர் கைதட்டினார்கள். ஒரு பெண் "அப்பிடிப் போடு டீச்சர்!" என்றாள். எல்லாரும் என்னைப் பெரிய வீராங்கனையாகப் பார்த்தார்கள். எனக்கோ மேடை இரண்டாகத் தெரிந்தது.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. மூலையில் தேத்தண்ணி வைத்திருந்த மேசைக்குப் போய், கேட்காமல் கொள்ளாமல் சீனியை அள்ளிக்கொண்டு வந்தார். "வாயத் தொற" என்றார். இத்தனை நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எங்கள் ஆட்கள் வெறுந்தேத்தண்ணிக்கு உள்ளங்கையில் சீனி வைத்து நக்குவதுபோல, அவருடைய கையிலிருந்தே தின்றேன். நெற்றியில் கொட்டிய வேர்வையை முந்தானையால் துடைத்தார். "கோவத்தப் பாரு, கோவத்த" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். கையில் ஒட்டிய சீனியோடு போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஐயாமாருக்கு வணக்கங்க. மாத்துன எந்தப் பொருளும் நாட்டுக்குள்ள வேணாம்னு சொல்லத்தாங்க வந்தேன். மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேங்க. இப்ப அத சொல்ல முடியலீங்க. அந்தா உக்காந்திருக்கே, அந்தப் புள்ள போடுற ஊசி மருந்தும் அப்பிடித்தான் செய்யிறாங்களாம். அது இல்லாட்டி அந்தப் புள்ள இல்லீங்க. இப்ப அது பட்ட பாட்ட நீங்களே பாத்தீங்க. அந்த மருந்து என் வீட்லதாங்க இருக்கு. அதுக்கும் சேத்து வேணாம்னு நான் எப்பிடிங்க சொல்லுவேன்? மருந்தத் தனியா வச்சு எழுதுங்க. வெதையத் தனியா எழுதுங்க. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. வெதையப் பத்தி என்னான்னா..."

மணி அடித்துவிட்டது. அந்தத் தம்பி இந்த முறை ஒரு சொல் விடாமல், மெதுவாக, எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். குழுவின் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் பார்த்தார். உங்கள் மகளா என்று கேட்டார்.

"இல்லைங்க. பக்கத்து காம்பராங்க" என்றார் அக்கா.

திரும்பி வந்து என் அருகில் உட்கார்ந்தார். விதையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாமல் போயிற்று அவருக்கு. அம்மா கொடுத்த போஞ்சிக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர், அந்த நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சட்டம் இன்னும் எழுதி முடியவில்லை. மருந்து எந்தப் பக்கத்தில் வரும், விதை எந்தப் பக்கத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அந்த நாற்காலியில் இருந்தபோது என் மனசு எவ்வளவு நிறைந்திருந்தது என்பதை இன்றும் சரியாகச் சொல்ல வரவில்லை. அழுதேன். சீனி ஏறிவிட்டதால் வருகிற அழுகை என்று அக்காவிடம் பொய் சொன்னேன்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஊசி இல்லாமல் நான் எப்படிச் சாவேன் என்று சொல்வதற்குத்தான் வந்திருந்தேன். ஒலிவாங்கியின் முன்னால் நின்று தக்காளிக் கதையைத் தொடங்கினேன். ஆள் உயரச் செடி, முழங்கால் உயரச் செடி, சாம்பலில் புரட்டிய போஞ்சி, பரணில் இருக்கிற போத்தல், எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட்டில் இருப்பது என்ன விதை என்று தமிழிலும் எழுத வேண்டும், சொந்த விதை வைத்திருக்கிறவர்களைக் கேட்காமல் புது விதை எதையும் மலைக்குக் கொண்டுவரக் கூடாது என்றேன்.

தலைவர் தன் முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். நீங்கள் பயிர் செய்கிறவரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உங்கள் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, நேரம் முடியப் போகிறதே என்றார்.

"அத எங்க அக்கா சொல்லிட்டாங்கய்யா" என்றேன். "அவங்களுக்குத்தான் சொல்ல நேரம் இல்லாமப் போச்சு."