கேள்வி இல்லாமல் வந்த வெள்ளைப் பூ

சென்ற ஆண்டு ஐப்பசியில் என் மகள் கோகிலாவின் வலது கண்ணில் திரை விழுந்தது போல் ஆனது. பாதி உலகம் கறுப்பாகத் தெரிகிறது என்றாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்குள் விழித்திரை பிரிந்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். செய்து, கண்ணுக்குள் காற்றை அடைத்து அனுப்பினார்கள். அது கரையும் வரை அவள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். படிக்கக் கூடாது. பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான் சரிங்க என்றேன். வெளியே வந்து டீ குடித்தேன். அது சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்று தெரியவில்லை. அதற்கு முந்தின ஆண்டு என் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்தாள். அன்றிலிருந்தே இப்படித்தான். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது போல நாட்களை இழுத்துக்கொண்டிருந்தேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. நான்கு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால்தான் எங்கள் அம்மன் எனக்குச் செய்ததைக் கோயிலில் நின்று சொல்லாமல் இப்படி எழுதுகிறேன்.

கோகிலா பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. இரண்டு தடவை எழுதி, இரண்டும் இங்கிலீஷில்தான் போனது. ஒரு வாக்கியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, கீழே நான்கு சொற்கள் கொடுத்து, எது பொருந்தும் என்று கேட்பார்களாம். அதைப் போட்டுப் போட்டுப் பழகினால்தான் வரும் என்பாள். பரீட்சை மார்கழியில். அவளோ குப்புறக் கிடந்தாள்.

என் மனைவியின் தம்பி பார்க்க வந்தான்.

"ஏனுங்க மச்சான், கண்ணே இப்படிக் கெடக்குது, பரீட்சை என்னத்துக்குங்க? இருக்கற கண்ணையும் கெடுத்துக்கவா? நிறுத்திப்போடச் சொல்லுங்க."

உள்ளிருந்து கோகிலா குரல் கொடுத்தாள். "மாமா, கண்ணுதான் படுத்திருக்குது. காது முழிச்சுட்டுத்தான் இருக்குது."

எழுதச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா? அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்று மறுநாள் காலையில் கிளம்பினேன்.

எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பூ கேட்காமல் செய்யமாட்டோம். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். எது வந்தால் சம்மதம் என்று நாம் முதலில் மனதுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்புறம் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார்கள்.

பூசாரி எடுத்துப் பிரித்தார். "வெள்ளைங்க. என்ன நெனச்சுக் கேட்டீங்க?"

என்ன நினைத்தேன்? ஒன்றும் நினைக்கவில்லை. எந்தப் பூவுக்கு எது என்று அம்மனிடம் சொல்லவே இல்லை. சும்மா நின்றிருக்கிறேன்.

"நெனைக்கலீங்க" என்றேன்.

"என்னது?"

"மறந்துட்டனுங்க."

"அட சாமி, கேள்வியே இல்லாம பதிலை வாங்கிட்டுப் போற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஒரு நாளைக்கு ஒருக்காதான் கேக்கோணும். இன்னொரு நாளைக்கு வாங்க."

மறுபடி அம்மன் முன்னால் நின்றேன். வேண்டிக்கொள்ளக்கூட வார்த்தை வரவில்லை. 'எனக்கு ஒண்ணும் தோணல தாயே, நீயே பாத்துக்க' என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா தலையணையில் முகம் புதைத்தபடியே கேட்டாள். "எந்தப் பூங்கப்பா?"

"வெள்ளை."

"வெள்ளைன்னா?"

"சொல்ல மறந்துட்டேன் சாமி."

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"நீங்க சொல்லலீன்னா நான் சொல்றேன். வெள்ளைன்னா எழுதறதுங்கப்பா. அந்த இங்கிலீசுப் புத்தகத்தை எடுங்க."

"எனக்கு எங்க சாமி இங்கிலீசு?"

"எழுத்துத் தெரியுமில்ல? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க, நான் கூட்டிக்கறேன்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ரிக் வண்டியில் எழுதியிருப்பவை. எல்லாமே பெரிய எழுத்து. புத்தகத்தில் இருந்தவை சின்ன எழுத்துகள். அன்று நான் தடுமாறியதைப் பார்க்க முடியாமல் அவள் குப்புறக் கிடந்தது நல்லதுதான்.

"அப்பா, பி போட்டா வார்த்தை வரலீங்க, அது டி. வயிறு எந்தப் பக்கம் தள்ளியிருக்குதுன்னு பாருங்க."

"பின்னாடி."

"அப்ப டி."

வேறு யாரையாவது வாசித்துத் தரச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சம். அதனால் நானே தினமும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வாக்கியத்தை எழுத்தெழுத்தாகச் சொல்வேன். காலியிடம் வந்தால் 'கோடு' என்பேன். பிறகு நான்கு சொற்களையும் அதேபோல் சொல்வேன். அவள் தலையணைக்குள்ளிருந்து "மூணாவது" என்பாள். விடை இருக்கும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். சரியாக இருக்கும். தப்பாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை அர்த்தம் கேட்டேன். "மழை நின்ன பின்னாடி அவங்க வீட்டுக்குப் போனாங்க" என்றாள். இவ்வளவுதானா என்றிருந்தது.

கார்த்திகையில் காற்று கரைந்தது. விழித்திரை ஒட்டிக்கொண்டது, இனி பயமில்லை, பரீட்சை எழுதலாம் என்றார் டாக்டர். அப்போதும் நான் சரிங்க என்றுதான் சொன்னேன்.

பரீட்சை எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில், கம்ப்யூட்டரில் நடந்தது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். கோகிலா வந்தாள்.

"எப்படி சாமி?"

"கேள்வியெல்லாம் உங்க குரல்லயே கேட்டுச்சுங்கப்பா. எழுத்தெழுத்தா."

சாலையோரம் ஒரு ரிக் வண்டி நின்றிருந்தது. அதன் மறைவுக்குப் போனேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். அது நிற்கவில்லை. மனைவிக்காக வராத அழுகையும் சேர்ந்து வந்தது. கோகிலா பின்னாலேயே வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அந்தப் பரீட்சையிலும் அதற்கு அடுத்த கட்டப் பரீட்சையிலும் தேறினாள். இப்போது அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் ஒரு பேங்கில் வேலை. வலது கண் முழுசாகத் தெளியவில்லை. ஓரத்தில் நிழல் போல இருக்கிறது என்கிறாள். அதையும் சேர்த்தே சொல்கிறேன். இப்போதும் சில நாட்களில் எனக்கு மனம் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் டீ சூடாக இருப்பது தெரிகிறது.

அம்மனிடம் எப்படி வேண்டுவது என்று தெரியவில்லை, மனதில் ஒன்றுமே இல்லை என்று யாராவது வீட்டில் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து போய் நில்லுங்கள். நான் வெறுமனே நின்றவன். எனக்கும் கொடுத்தாள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"இன்னைக்காவது கேள்வியோட வந்தீங்களா?"

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் இலையில் மடிக்காமல், அப்படியே அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.