சாட்சி தேடும் கைரியா

எந்த வீட்டுக்குள்ளும் கைரியா முன்வாசலால் போவதில்லை. மஹய்யாவவில் மாடி வீடானாலும் சரி, குண்டசாலையில் தோட்டத்து வீடானாலும் சரி, சுவரோரமாகச் சுற்றி, வாளிகளையும் கோழிக்கூட்டையும் தாண்டிக் குசினிக் கதவடியில் போய் நிற்பார். முன்வாசலில் புருஷன்மார் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் "அது அவங்கட குடும்ப விஷயம்" என்ற ஒரே பதில்தான் வரும். உள்ளே வீட்டுக்காரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தால் கைரியாவுக்கு வாய்ப்பு. "கை வேலையா ஈக்கிற நேரம் பொம்பளக்கி பொய் வராது" என்பார். ஊர்க் கதை கொஞ்சம் பேசிவிட்டுத் திருவலையைத் தன் பக்கம் இழுத்துத் தானே திருவத் தொடங்குவார். பாதித் தேங்காய் முடிந்ததும் கேட்பார்: "பக்கத்து வீட்டுப் புள்ளக்கி அடிச்சத நீங்க கண்ட தானே?"

அடிபட்ட மனைவி, முஸ்லிம் திருமண வழக்குகளை விசாரிக்கும் காழி நீதிமன்றத்தில் தானாக மணவிலக்குக் கேட்டால் அதற்கு பஸஹ் என்று பெயர். புருஷனின் குற்றத்தை அவள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். புருஷன் தலாக் சொல்வதென்றால் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. காழியாரும் ஆண், பக்கத்துக் கதிரைகளில் இருக்கும் ஜூரிமாரும் ஆண்கள். அடிக்கிறவன் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டா அடிக்கிறான்? கண்டிருந்தால் அடுத்த வீட்டுப் பெண்கள் கண்டிருப்பார்கள். அவர்களைக் காழியாரின் முன்னால் கொண்டு வந்து நிறுத்துவதுதான், மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்ற கைரியாவின் இப்போதைய உத்தியோகம். சம்பளம் கிடையாது, ஊராரின் முணுமுணுப்பு மட்டும் தாராளமாக உண்டு.

கண்டி முஸ்லிம்களின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. ஆகவே கட்டுகஸ்தோட்டையிலிருந்து பிலிமத்தலாவை வரைக்கும் அவர் கைரியா தாத்தா. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பாவம். வகுப்பறையில் பழகிய தொண்டை, இரகசியம் பேசத் தெரியாது. தொலைபேசியில் "இத ஒருத்தருக்கும் செல்ல வாணாம்" என்று அவர் சொல்வது சாரதிக்கும் கேட்கும். மழை பெய்தாலும் குடையை விரிக்க மாட்டார், அக்குளில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி நடப்பார். சாட்சி சொல்லச் சம்மதிக்கும்வரை அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. சம்மதித்துவிட்டால், "இப்ப ஒரு ப்ளேன்டீ தாங்க, இஞ்சி போட்டு" என்று அதிகாரமாகக் கேட்பார்.

சாட்சிகளைப் பழக்குவதிலும் ஒரு டீச்சர்த்தனம் உண்டு. "கண்டத மட்டும் செல்லுங்க. கேட்டத செல்ல வாணாம். அழவும் வாணாம், அழுதா அவங்க எழுதுறத நிப்பாட்டிடுவாங்க." ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் பெண்ணுரிமைக் கருத்தரங்குகளுக்கும் அவரை அழைப்பார்கள். சட்டத்தில் மாற வேண்டியதையெல்லாம் திரையில் போட்டுக் காட்டுவார்கள். கைரியா ஒன்றுவிடாமல் கேட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் எழும்புவார். "சட்டம் மாறட்டும், மாறத்தான் வேணும். அது மாறுற வரைக்கும் அடுத்த வீட்டுக்காரி வாயத் தொறந்தாலே பாதி வேல முடிஞ்சி." அதற்குக் கைதட்டு விழும்.

ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் ஒருபோதும் முகம் மூடியதில்லை. மூடச் சொல்லி மகளை அடித்த ஒரு தகப்பனோடு நடுத்தெருவில் சண்டை பிடித்திருக்கிறார். ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த வருஷம், அபாயாவோடு ஏறிய பெண்ணை ஒரு கொண்டக்டர் இறங்கச் சொன்னபோது, அதே தொண்டையால் பஸ்ஸையே நிறுத்தி வைத்தவரும் அவர்தான். "போடச் செல்லியும் கட்டாயப்படுத்தேலா, கழட்டச் செல்லியும் கட்டாயப்படுத்தேலா" என்பார். பணக்கார ஹாஜியாரின் மகன் என்றும் பார்த்ததில்லை, தன் சொந்தத் தம்பியின் மருமகன் என்றும் பார்த்ததில்லை. ஒரே ஒரு வீட்டுக் குசினிக் கதவைத்தான் அவர் தட்டவில்லை. அது அவருடைய வீட்டுக் கதவு.

ஸிபான் அவருக்கு ஒரே பிள்ளை. தகப்பன் மௌத்தாகி அடக்கம் செய்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. அவனுடைய மனைவி ஷஹ்மா பிலிமத்தலாவைப் பிள்ளை. மருமகளாக வந்த வருஷம், மாமியின் பின்னால் குடையைத் தூக்கிக்கொண்டு சாட்சி தேடியும் அலைந்திருக்கிறாள். ஒரு நாள் பகல், கைரியா குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். அறைக்குள் சத்தம் கூடியது. திரும்பிப் பார்த்தபோது ஸிபான் ஷஹ்மாவின் தலைமுடியைப் பிடித்து அலுமாரியோடு மோதினான். ஒரு தரம் அல்ல. ஷஹ்மாவின் கண்கள் குசினிப் பக்கம் திரும்பி மாமியைக் கண்டன. கைரியா குனிந்து, பிழிந்து முடித்த தேங்காய்ப்பூவை இன்னொரு தரம் பிழிந்தார்.

பிறகு மகனை ஏசாமல் இல்லை. "இனி கைய வெச்சா உம்மான்டு கூப்பிட வாணாம்" என்று கத்தினார். மருமகளின் நெற்றி வீக்கத்துக்கு ஓடிக்கலோன் போட்டு, பக்கத்திலேயே படுத்திருந்தார். ஆனால் அதுதான் முதல் தரம் அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஷஹ்மா தாய் வீட்டுக்குப் போய் பஸஹ் கேட்டு வழக்கு வைத்த பிறகு, மாமிக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

"மாமி, நீங்க கண்டத மட்டும் வந்து செல்லுங்க. வேற ஒண்டும் வாணாம்."

ஆயிரம் தரம் கைரியா பிறரிடம் சொன்ன வார்த்தைகள்தான், அவரிடம் கற்றுக்கொண்டவளின் வாயால் வந்தன. கைரியா சொன்னார்: "அந்நேரம் நான் தொழுதுட்டு ஈந்த, மகள். நான் ஒண்டும் காணல்ல."

"சரி மாமி" என்றாள் ஷஹ்மா. சாட்சி இல்லை என்று அந்த வழக்கு தள்ளுபடியானது. குடும்பம் என்றால் இப்படித்தான், பொறுத்துப் போங்கள் என்று ஜூரிமாரில் ஒருவர் புத்தியும் சொல்லி அனுப்பினாராம். ஸிபான் கத்தாருக்குப் போய்விட்டான். ஷஹ்மா, வாழவும் முடியாமல் விடுபடவும் முடியாமல், பெயருக்கு மனைவியாகப் பிலிமத்தலாவையில் கிடந்தாள்.

அதற்குப் பிறகு கைரியா இரண்டு மடங்கு ஓடினார். காய்ச்சலோடும் ஓடினார். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்த அலுமாரியை வேறு அறைக்கு மாற்றினார், மாற்றிய இடத்திலும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. தாய்தானே, ஒரே மகன்தானே, அவனும் ஊரில் தலைகாட்ட வேண்டாமா என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். வழக்கு வழக்காக எத்தனை தாய்மாரின் வாயிலிருந்து அதே நியாயத்தைக் கேட்டு, எவ்வளவு கடுமையாக மறுத்திருக்கிறார்! மற்றவர்களுக்கு மறுத்த அதே நியாயம் தனக்கென்று வரும்போது எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஷஹ்மா திரும்பவும் வழக்கு வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் மஹய்யாவவில் ஹிதாயாவின் குசினிக்குப் போயிருந்தார். ஹிதாயாவின் மேல் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. வழக்கம்போலத் திருவலை, வழக்கம்போலப் பாதித் தேங்காயில் கேள்வி. ஹிதாயா மறுக்கவில்லை.

"கண்ட தான் தாத்தா. ஞாயித்துக்கெழம நான் வாற. மாப்பிள்ள ஏசினாலும் பரவால்ல." தேத்தண்ணிக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒண்டு கேக்கவா? கோவிக்க வாணாம். ஒங்கட மருமகளுக்கு ஆரு சாட்சி செல்லப் போன?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை அவள். பயந்த பெண், இப்படிப்பட்ட இடத்துக்கு முதல் தரம் போகப்போகிறவள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கைரியாவின் கை நின்றது.

"ஒருத்தரும் போகல்ல" என்றார். அவருடைய வாயிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்ததை ஹிதாயா அதற்கு முன் கேட்டதில்லை. இஞ்சித் தேத்தண்ணி வந்தது. கைரியா அதைத் தொடவில்லை. திரும்பும் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தையும் கவனிக்காமல், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காழியார் வழக்கு விசாரிக்கும் மாடி மண்டபத்தில் ஹிதாயாவை மர வாங்கில் இருத்திவிட்டுப் பக்கத்தில் கைரியாவும் இருந்தார். எதிர் வாங்கில் ஷஹ்மா, வாப்பாவோடு. அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாமி வேறு யாருக்கோ வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். வேறென்ன நினைப்பாள்? ஷஹ்மாவின் வழக்கும் அன்றுதான் என்று கேள்விப்பட்டு, மகனுக்கு எதிராக எந்த வார்த்தையில் தொடங்குவது என்று கைரியா இரவெல்லாம் தேடியிருந்தார். ஷஹ்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழும்புவதற்கு முன்னாலேயே எழும்பிவிட்டார்.

"இந்தப் புள்ளக்கி சாட்சி நான். என்ட மவன் இவக்கி அடிச்சத நான் கண்ட. தொழுதுட்டு ஈந்தன்டு செல்லினது பொய்."

காழியார் அவரைப் பல வருஷமாக அறிந்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தாத்தா, ஒங்களுக்குத் தெரியாதா? ஸிபான் லீவுக்கு வந்த நேரம் இங்க வந்து தலாக்குக்கு எழுதிக் குடுத்தாரே. போன கெழமயோட எல்லாம் முடிஞ்சி. இவங்க திரும்ப வெச்ச வழக்க மூட, கையொப்பம் வாங்கத்தான் இண்டக்கி கூப்பிட்ட."

லீவில் வந்த மகன் தினமும் உம்மாவின் கையால் சோறு சாப்பிட்டான். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ன காரணம் செல்லிக் குடுத்த?" என்று கேட்டார் கைரியா.

"தலாக்குக்குக் காரணம் கேக்கிறல்ல. நீங்களே ஊருக்கெல்லாம் செல்லித் தாரது தானே." காழியார் கேலி செய்யவில்லை, இரக்கமாகத்தான் சொன்னார். "சாட்சி இனித் தேவல்ல. இருங்க."

ஷஹ்மா மேசைக்குப் போய்க் கையொப்பம் வைத்தாள். திரும்பி வரும்போது மாமியின் முன்னால் நின்றாள். அவள் கண்களில் கோபம் இருந்திருந்தால் கைரியாவுக்குத் தாங்கிக்கொள்ள இலேசாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு நீங்க வந்தீந்தா, நான் அவர விட்டுட்டு வந்தவளா ஈந்தீப்பேன் மாமி. இப்ப அவர் விட்டுட்டுப் போனவளாத்தான் ஈக்கிற. ஊருக்கு நான் என்ன செல்ற?"

வாப்பா அவளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். காழியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அது ஹிதாயாவின் மேல் வீட்டுப் பெண்ணுடையது. சாட்சிக்காரி பயத்தோடு மேசைக்குப் போனாள், எழுதத் தொடங்கினார்கள். "இருங்க தாத்தா, இருங்க" என்று பின்னாலிருந்து யாரோ இடம் விட்டு நகர்ந்தார்கள். கைரியா உட்காரவில்லை. காழியாரைப் பார்த்தபடி, ஷஹ்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் எழும்பிய அதே இடத்தில், இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.