"நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்ட ரோஸ்லின் சிஸ்டர்

என்னோடு நர்ஸாக வேலை பார்த்த ரோஸ்லின் சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது, வண்ணார்பேட்டை கிளினிக்கில் ஒரு நோயாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் வாயடைத்துப் போனேன். உயிரோடு இருந்திருந்தாலும் சிஸ்டர் என் வாயை அடைத்துத்தான் இருப்பார். அவரோடு பழகிய உங்களுக்கு இது தெரியும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நான் உத்தரவு போடுவேன். "சரிங்க சார்" என்பார்கள். அதை நம்பிய மடையன் நான். நாங்குநேரி வாழை விவசாயி சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. முள் குத்தினாலும் தெரியாது. முருகனுக்கு நேர்ந்துகொண்டு வருடந்தோறும் திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடப்பவர். "இந்த வருஷம் போகக் கூடாது" என்றேன். "சரிங்க சார்" என்றார். அதோடு கிளினிக் பக்கமே வரவில்லை. மாத்திரையும் நின்றது.

"அவரு சரின்னாரு. நீங்க அவர்ட்ட எதையும் கேட்டியளா டாக்டர்?" என்றார் சிஸ்டர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ போன் போட்டு அண்ணாச்சியை வரவழைத்து, என் பக்கம் நிற்காமல் அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போகாமல் இருப்பது, பஸ்ஸில் போவது, செருப்போடு நடப்பது, வெறுங்காலோடு நடப்பது என ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் சொன்னார். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. "நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

"செருப்பு போட்டா முருகன் கோவிச்சுக்கிடுவான்லா?"

பாளையங்கோட்டை சர்ச்சில் பாட்டுப் பாடும் சிஸ்டர் சிரித்துவிட்டார். "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு, நான் குறுக்க வரல. காலுதான் நம்ம வழக்கு. அத இங்கன பேசித் தீப்போம்."

அண்ணாச்சி தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நேந்தது நடக்கதுக்குத்தான், வெறுங்காலுக்கு இல்ல. மெத்துச் செருப்பு போட்டுக்கிடுதேன். வெயில் ஏறுனா உக்காந்துருவேன். சாயங்காலம் வீட்டுக்காரி உள்ளங்காலப் பாக்கட்டும். மாத்திரையும் போட்டுக்கிடுதேன்."

அப்படியே எழுதிக்கொடுத்தேன். நடந்தே போய் வந்தார். வந்ததும் இரண்டு உள்ளங்கால்களையும் என் மேஜைக்கு நேரே தூக்கிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை! சிஸ்டர் கைதட்ட, வெளியே காத்திருந்தவர்களும் விஷயம் தெரியாமலே தட்டினார்கள். என் வைத்தியத்தில் அதைவிடப் பெரிய வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை.

சிஸ்டரின் அடக்க ஆராதனைக்கு அண்ணாச்சி வந்திருந்தார். எல்லோரும் சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக, இவர் மட்டும் தயங்கி நின்றார். "டாக்டர், கழத்தவா, வேண்டாமா?"

கழற்றாதீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

பையிலிருந்து தடித்த காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, பைய நடந்து சிஸ்டரிடம் போனார்.

அந்தக் கேள்வியை சிஸ்டரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். செய்தி வந்த அன்று பாதித் திட்டோடு அனுப்பிய நோயாளியைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டுக்கொள்வேன்.