மண் சிப்பாய்களின் கஃபீல்

வளைகுடா நாட்டில், ரூவியில் ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சீனாவின் சியான் நகரத்தைப் பார்க்க விசா விண்ணப்பம் அடிக்க வேண்டும். என் முதலாளி, அதாவது கஃபீல், லீவுக் கடிதம் கொடுத்துவிட்டார்; அவர் ‘ரிலீஸ்’ கொடுத்தால்தான் வேறு வேலைக்கு மாற முடியும், லீவுக்கு அது வேண்டாம். ஆனால் என் கார்டில் தொழில் ‘லேபர்’ என்றிருக்கிறது. சுற்றுலா என்றால் விசா ஆபீசில் நம்புவார்களா என்பதுதான் கவலை. டைப் அடிக்கும் பட்டுக்கோட்டை அண்ணனே நம்பவில்லை.

“லீவுக்கு ஊருக்குப் போவலயா தம்பி? அங்க யாரப் பாக்கப் போறீங்க?”

“மண்ணுல செஞ்ச சிப்பாய்ங்கண்ணே. ஸ்கூல் புத்தகத்துல படம் பாத்ததுலேர்ந்து ஆசை. ராஜா சமாதிக்குக் காவலா ஆயிரக்கணக்குல நிக்கிறாங்க.”

“ராஜா செத்து எவ்ளோ நாளாச்சு?”

“ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல.”

அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுக்கிறார்.

“கஃபீலே போய்ச் சேந்துட்டாரு. இன்னுமா அவனுங்களுக்கு ரிலீஸ் கெடைக்கல?”

அண்ணன் மறுபடி கீபோர்டுக்குத் திரும்புகிறார். நகரத்து மதில், மணிக்கூண்டு, மண் சிப்பாய்கள் என்று பார்க்கும் இடங்களை வரிசையாக அடிக்கிறார். ‘சீனாவில் தெரிந்தவர்கள்’ என்ற கட்டம் வருகிறது.

“மாஃபி. யாருமில்லண்ணே.”

காகிதத்தை நீட்டுகிறார்.

“கவுன்டர்ல கேட்டா இந்த சிப்பாய்ங்க கதையவே சொல்லுங்க தம்பி. திருட்டுத்தனமா வேலைக்குப் போறவன் இப்பிடியெல்லாம் பேச மாட்டான்.”